சனிக்கிழமை ஓடாத இன்ஜின்

கொல்லைக்குப் போய்விட்டு வந்தாலும் சாமிக்கு நன்றி சொல்லுகிற ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம் சிரித்தோம்.

குத்தாலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் எங்கள் ஊர் நெல் அரவை மில் இருந்தது. அவர் அங்கே இன்ஜின் மிஸ்திரி. நான் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிண்டிக் காயவைக்கிறவள். எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் அங்கே வேலை பார்த்தோம். மிஸ்திரி கரைப்பக்கம் போய்விட்டு வருவார், வாய்க்காலில் கை கழுவுவார், அப்படியே நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். எங்களில் பவுனுக்குத்தான் வாய் நீளம். அவள் நேராகவே கேட்டுவிட்டாள், கொல்லைக்குப் போனதற்கெல்லாம் என்ன மந்திரம் என்று.

அவர் கோபப்படவில்லை. இன்ஜினைக் காட்டினார்.

"அதுல எத்தனை குழாய், எத்தனை ஓட்டை இருக்கு பாரு. திறக்க வேண்டியது அடைச்சாலும் போச்சு, அடைக்க வேண்டியது திறந்தாலும் போச்சு. உடம்பும் அதே மாதிரிதான் தங்கச்சி. இன்னைக்கு ஒழுங்கா ஓடிடுச்சு. செஞ்சவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

அதற்குப் பிறகு பவுனு அவரைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மிஸ்திரி, இன்னைக்கு நன்றி சொல்லியாச்சா?" என்று கேட்பாள். அவரும் சங்கோஜமில்லாமல், ஆச்சு என்றோ இன்னும் இல்லை என்றோ பதில் சொல்வார்.

அந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போயிருப்பார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் தெரியாவிட்டால் அது விளங்காது.

அவருக்கு ஊர் கொச்சிப் பக்கம், மட்டாஞ்சேரி. எங்கள் முதலாளி அங்கிருந்து பழைய இன்ஜின் ஒன்றை வாங்கினார். அதைப் பூட்டிக் கொடுப்பதற்காக அதோடு வந்தவர், ஏழு வருஷம் இங்கேயே இருந்துவிட்டார். இன்ஜினுக்கு இனாமாக வந்த ஆள் என்று முதலாளி கேலி செய்வார். தமிழ் நன்றாகப் பேசுவார், கொஞ்சம் மலையாளம் இழுக்கும். யூதர் என்றார். நாங்கள் கேள்விப்படாத சாதி. அவருடைய ஆட்கள் எல்லாரும் கப்பல் ஏறித் தங்கள் பழைய தேசத்துக்குப் போய்விட்டார்களாம். ஏன் நீங்கள் போகவில்லை என்றால், இந்த இன்ஜின் ஒரு நாளாவது சொன்ன பேச்சுக் கேட்கட்டும், போகிறேன் என்பார். கடைசியில் அவரும் போய்விட்டார். அது பிற்பாடு.

அவருடைய சாமிக்குப் படம் கிடையாது, சிலை கிடையாது. அதனால் ஊரில் ஆளாளுக்கு அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. கறுப்புச் சட்டை போட்ட தையல்காரர் ஒருவர் இருந்தார். கல்லைக் கும்பிடாதவர் என்பதால், மிஸ்திரி நம்ம கட்சி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கோயில் குருக்கள், குளிக்காமல் ஒரு வேளை சாப்பிடாத ஆள், ஆசாரம் தெரிந்தவர் என்றார். மளிகைக் கடை பாய், பன்றி தொடமாட்டார், எங்களுக்குப் பெரியப்பன் பிள்ளை முறை என்றார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருகிற உபதேசியாரோ, ஏசுநாதருக்கே சொந்தக்காரர் என்று கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். மிஸ்திரி எல்லாரிடமும் தலையை ஆட்டி டீ குடிப்பார். அவர்கள் எல்லாரும் எங்களையும் தங்கள் பக்கம் வா வா என்று கூப்பிட்டவர்கள்தான். இவர் ஒருவர்தான் கூப்பிடவில்லை. நானே ஒரு நாள் கேட்டேன், உங்கள் சாமியை நாங்களும் கும்பிடலாமா என்று.

"அது ஒண்ணுதான். வேற எங்க போய்க் கும்பிடப்போறீங்க?" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அதில் தப்பு என்னுடையது.

ஒரு கார்த்திகை மழையில் அவருக்குச் சளி பிடித்து இருமிக்கொண்டே கிடந்தார். பொண்டாட்டி பிள்ளை இல்லாத ஆள். நான் வயலில் நண்டு பிடித்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துத் தூக்கில் கொண்டுபோனேன். எங்கள் வீட்டு நண்டு ரசம் குடித்தால் மூன்று நாள் சளி ஒரே நாளில் இறங்கும். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதை நான் குடிக்கக் கூடாது தங்கச்சி என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும். எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஊரில்தான் நான் பிறந்தேன். வெளியூர்க்காரராவது மனுஷராக இருக்கிறாரே என்று நினைத்திருந்தேன். தூக்கை வாங்கி, ரசத்தை அங்கேயே உமிக் குவியலில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். தெரு முழுக்கச் சொன்னேன். இவரும் சாதி பார்க்கிற ஆள்தான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டோம். எட்டுப் பெண்களும் அவரிடம் பேச்சை நிறுத்தினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். ஒரு கையில் புதுச் சட்டி. இன்னொரு கையில் நாரில் கோத்த இரண்டு கெண்டை. என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். நண்டு அவர்களுக்கு ஆகாது, இறால் ஆகாது, செதிலும் செட்டையும் உள்ள மீன் மட்டும் ஆகும், வேறு சமையல் ஆன சட்டியும் ஆகாது என்று விளக்கினார். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைத்துக் கறி போட்டபோதும் வாழைப்பழம் மட்டும் தின்றுவிட்டு எழுந்தாராம். முதலாளி அம்மா இன்னும் பேசுவதில்லையாம். எனக்கு அதைக் கேட்டதும் பாதிக் கோபம் போய்விட்டது.

அடுப்பை அவரே பற்றவைத்தார். சட்டியை அவரே தூக்கி வைத்தார். அப்படித்தான் செய்ய வேண்டுமாம். புளி கரைத்ததும் மிளகாய் அரைத்ததும் நான். தெருவே கூடி நின்று பார்க்க, என் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றுக்கு முணுமுணுத்துவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பவுனு சும்மா இருப்பாளா.

"செதில் இல்லாம கெளுத்தி என்ன பாவம் செஞ்சுது மிஸ்திரி?"

"அது புண்ணியம் செஞ்சிருக்கு. என் சட்டியில விழாமத் தப்பிச்சுதுல்ல."

நண்டு தின்கிற எங்களைப் பற்றி உங்கள் சாமி என்ன நினைக்கும் என்று கேட்டேன். எனக்குச் சொன்னது எனக்கு, உங்களுக்குச் சொல்லவில்லை, நீங்கள் தாராளமாகத் தின்னுங்கள் என்றார். அந்த வருஷம் முழுக்க எங்கள் தெருவில் எந்த மீன் வந்தாலும், இது மிஸ்திரிக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துவிட்டுத்தான் அரிவோம். பிள்ளைகளுக்குக்கூடச் செதில் பார்க்கத் தெரிந்துவிட்டது.

இனி சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு ஒரு நாழிகை முன்னால் இன்ஜினை நிறுத்திவிடுவார். வாய்க்காலில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். எண்ணெய்க் கறை ஒரு பொட்டு நகத்தில் இருக்காது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளை கணக்காக வருவார். பொண்ணு யாரு மிஸ்திரி என்று நாங்கள் கேட்போம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வருவாள், சனிக்கிழமை சாயந்திரம் போய்விடுவாள் என்பார். விளையாட்டில்லை. அந்த நாளைத்தான் பொண்ணு என்று வரவேற்றுப் பாடுவார்களாம். கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் அவர் அறை. இரண்டு விளக்கு, துணி போட்டு மூடிய இரண்டு ரொட்டி, உலர்ந்த திராட்சை ஊறவைத்த தண்ணீர் ஒரு டம்ளர். தனியாக உட்கார்ந்து சத்தமாகப் பாடுவார். பத்துப் பேர் சேர்ந்து பாட வேண்டியதாம். பத்துப் பேருக்கு உண்டான சத்தத்தை ஒருவரே போடுவார்.

சனிக்கிழமை நெருப்புத் தொடமாட்டார், இன்ஜின் தொடமாட்டார். அவர் நிறுத்தினால் அரவை நின்றது. களத்து வேலை எங்களுக்கு உண்டு. ஒரு தடவை முதலாளி கும்பகோணத்திலிருந்து வேறு டிரைவரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் காலையிலிருந்து மத்தியானம்வரை சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுபோனான். இன்ஜின் இருமியதே தவிர ஓடவில்லை. மிஸ்திரி புங்கமரத்தடியில் உட்கார்ந்து, வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்துப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். கை வைக்க வேண்டாம், வாயால் சொல்லு என்று முதலாளி கெஞ்சினார். அதுவும் வேலைதான் முதலாளி என்றார் இவர். மறுநாள் காலையில் ஒரே தள்ளு. கிளம்பிவிட்டது. அதோடு சனிக்கிழமை என்றால் இன்ஜின் ஓடாது என்பது ஊருக்கே பஞ்சாங்கம் மாதிரி ஆகிப்போனது.

ஆறு நாளும் பீடி குடிப்பவர். சனிக்கிழமை குடிக்க முடியாது. வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் அந்த நாள் முடியும். சாயந்திரம் நாங்கள் நெல்லைக் குவித்து மூடும்போது அவருக்காக எண்ணுவோம். மூணு வந்தாச்சு மிஸ்திரி என்பாள் பவுனு. ஒண்ணு வெள்ளி, அது சேராது என்பார் அவர், வாயெல்லாம் சிரிப்பாக.

ஒரு சனிக்கிழமை, ஏதோ திருவிழாவுக்காகக் களத்துக்கும் விடுமுறை விட்டிருந்தார்கள். முந்தின நாள் முறத்தை மறந்து விட்டுவிட்டேன் என்று நான் எடுக்க வந்தேன். மில்லில் ஈ காக்கை இல்லை. மிஸ்திரி புங்கமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். காதில் பீடி. நான் வந்தது அவருக்குத் தெரியாது. எட்டின தூரத்தில் ஜன்னலில் தீப்பெட்டி. அவர் அதைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில், நட்சத்திரத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம். தனக்குத் தானே சிரித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். ஆள் பார்க்கக் கும்பிடுகிறவர்களை நிறையப் பார்த்தவள் நான். ஆள் இல்லாதபோது ஒருவர் கும்பிட்டதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நாள் எதற்கு என்றும் சொல்லியிருக்கிறார். ஏழாம் நாள் நீ மட்டும் ஓய்ந்தால் போதாது, உன் வேலையாளும் உன் மாடும் ஓய வேண்டும், ஏனென்றால் நீயும் அடிமையாய் இருந்தவன், மறக்காதே என்று எழுதியிருக்கிறதாம். யார் அடிமை என்று கேட்டேன். நாங்கள்தான், ராஜாவுக்குச் செங்கல் அறுத்தோம் என்றார். வருஷத்துக்கு ஒரு நாள் பந்தி போட்டு உட்கார்ந்து அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் தெருவில் பண்ணையாளாகக் கிடந்த கதையைப் பிள்ளைகள் காதில் விழாமல் மறைப்போம். இவர் என்னமோ பாட்டன் சொத்தைச் சொல்லுகிற மாதிரி சொல்கிறார். அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு முன் என் மாமனார் சவுக்கடி வாங்கிய கதையை நான் என் கைப்பிள்ளைக்குச் சொன்னேன். ஏழு மாதக் குழந்தை, அதற்கு என்ன தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

அந்த வருஷம்தான் நடவுக் கூலித் தகராறு முற்றியது. எங்கள் தெருவில் செங்கொடி ஏற்றியவர் என் வீட்டுக்காரர். முதலாளிக்கு மில் மட்டுமில்லை, பாதி ஊர் நிலமும் அவருடையது. வெளியூர் ஆட்களை இறக்கி நடவு செய்யப்போகிறார் என்று தெரிந்ததும், ஆடிப்பெருக்கன்று காலையில் என் வீட்டுக்காரர் மில் வாசலில் நின்று அவரோடு வாய்ச்சண்டை போட்டார். ஊரே பார்த்தது. பிறகு எல்லாரும் காப்பரிசி கிளறிக்கொண்டு காவேரிக்குப் போய்விட்டோம். களத்தில் வேலை இல்லை.

திங்கட்கிழமை காலை இன்ஜின் பெல்ட் அறுந்தது. எங்கள் கண் முன்னால், தானாக. இற்றுப்போய்விட்டது, மாற்றுங்கள் என்று மிஸ்திரி நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெல்ட். செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்து என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போனது. ஆடிப்பெருக்கன்று சண்டை முடிந்த கையோடு மில்லுக்குள் நுழைந்து, ஓடுகிற சக்கரத்தில் கடப்பாரையை வீசி பெல்ட்டை அறுத்தார் என்று புகார். பார்த்த சாட்சி, இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த மிஸ்திரி. கணக்குப்பிள்ளை எழுதிய புகார் அது. அவர் ஆடி பதினெட்டு என்று தமிழ்த் தேதியைப் பார்த்து எழுதினாரே தவிர, அது என்ன கிழமை என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பார்த்த எங்கள் எட்டுப் பேர் சாட்சி ஸ்டேஷனில் எடுபடாது. எல்லாம் ஒரே தெரு. மிஸ்திரி வார்த்தைதான் எல்லாம். போய்க் காலில் விழுந்து கேளுடி என்றாள் பவுனு. நான் போகவில்லை. என் புருஷனுக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சி வாங்குகிற உண்மை எனக்கு எதற்கு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புதன்கிழமையும் களத்துக்குப் போனேன்.

இன்ஜின் கொட்டகை ஜன்னலோரம் நான் நெல் பரப்பும்போது உள்ளே முதலாளி பேசியது கேட்டது.

"ஒரு மணி நேரம் ஓட்டினேன்னு சொல்லு மிஸ்திரி. பண்டிகை நாளு, அவசர அரவைன்னு சேத்துக்க."

"ஓட்டலியே முதலாளி."

"ஓட்டலேன்னு எனக்குத் தெரியாதா? சொல்லத்தானே சொல்றேன். உங்க ஆளுங்க அத்தனை பேரும் கப்பல் ஏறியாச்சு, இங்க உன்னைக் கேக்க யாரு இருக்கா? தஞ்சாவூர் ஜில்லா எங்க இருக்குன்னு உங்க சாமிக்குத் தெரியுமாய்யா?"

மிஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"தஞ்சாவூர் ஜில்லா தெரியாத சாமின்னா அது சாமியே இல்லை முதலாளி. அதுக்காகவா ஏழு வருஷமா சனிக்கிழமை பீடி குடிக்காம உட்காந்திருக்கேன்?"

அப்படியானால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். மிஸ்திரி கழிவு நூலால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். சிரிப்பு இல்லாத அவர் முகத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மத்தியானம் சப் இன்ஸ்பெக்டர் வந்தார். என் வீட்டுக்காரரையும் ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள், மில்லில் எந்த இடத்தில் நின்று வீசினார் என்று காட்டச் சொல்வதற்கு. இல்லாத இடத்தை அவர் எங்கே காட்டுவார். களத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த சப் இன்ஸ்பெக்டர் மிஸ்திரியைச் சத்தியம் பண்ணச் சொன்னார். அவர் மாட்டேன் என்றுவிட்டார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது.

"சத்தியம் பண்ணினா ஒரு மாதிரி, பண்ணலேன்னா ஒரு மாதிரி எனக்குப் பேசத் தெரியாது சார். சாமி பேரை இதுக்கெல்லாம் இழுக்கக் கூடாது. கேளுங்க, சொல்றேன்."

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு இன்ஜின் ஓட்டினீங்களா?"

"இல்லை சார். அன்னைக்குச் சனிக்கிழமை."

"சனிக்கிழமைன்னா?"

அவர் பதில் சொல்வதற்குள் பவுனு சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. எட்டுப் பேரும் சிரித்தோம். வாசலில் கூடியிருந்த ஊர் ஆட்கள் சிரித்தார்கள். தையல்காரர் சிரித்தார், குருக்கள் சிரித்தார். முதலாளியின் வண்டிக்காரர்கூட முகத்தை மாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினார். சப் இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கடை பாய்தான் முன்னால் வந்து, சனிக்கிழமை இந்த இன்ஜினை ஓட்டுவதற்கு ஊரில் ஆள் பிறக்கவில்லை என்று எடுத்துச் சொன்னார்.

"அப்ப அன்னைக்கு என்னதான் செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே செய்யாம இருக்கணும்னுதான் சார் வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் செஞ்சு வச்சுடறது."

பிறகு பெல்ட்டை எடுத்து வந்து காட்டினார். இற்ற இடத்தை விரலால் கிள்ளி எடுத்துக் காட்டினார். திங்கட்கிழமை அறுந்தது என்றார். சப் இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை பஞ்சாங்கத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. புகார்க் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரை அங்கேயே விட்டுவிட்டு சப் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிக் கிளம்பினார்.

முதலாளி மிஸ்திரியை விரட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விரட்டினால் இன்ஜினை யார் ஓட்டுவது. பத்து நாள் முகம் கொடுக்கவில்லை, அதற்குப் பிறகு அவரே பேசினார்.

ஜீப் போனதும் என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மிஸ்திரி காலில் விழப்போனார். அவர் இரண்டு அடி பின்னால் தாவி, தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மனுஷன் காலில் மனுஷன் விழுவதா என்றார். தையல்காரர் அப்படிச் சொல்லுங்க என்று கை தட்டினார்.

"எங்களுக்காக இவ்வளவு செஞ்சீங்களே," என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்காகச் செய்யலப்பா. ஓடாத இன்ஜினை ஓடிச்சுன்னு எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டு இற்ற பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்தோம். என் வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. என்ன மனுஷன் இவர், ஒரு நன்றியைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார், நமக்காகச் செய்யவில்லையாம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. மதகைத் தாண்டும்போது புரிந்தது. என் மாமனார் கல்யாணத்துக்குப் பண்ணையில் கொடுத்த நெல்லைச் சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை எங்களைக் கட்டிவைத்திருந்தார்கள். யார் எங்களுக்கு எந்த நல்லது செய்தாலும் அதில் ஒரு கயிறு இருக்கும். இன்றைக்கு ஒருவர் என் புருஷனையே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதில் எங்களுக்குப் பங்கே இல்லை என்று உள்ளே போய்விட்டார்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"எதுக்குடி சிரிக்கிறே?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. தலை நிமிந்து நடங்க," என்றேன். பிள்ளையை அவர் தோளில் ஏற்றிவிட்டு, கையை வீசிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.